பெம்பாவுக்கு வைத்த பெயர்

மாமியாரின் எலும்புகளை வாங்கிக்கொண்டு போக அர்கிரோ கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கியபோது மணி எட்டரை. ஆகஸ்ட் வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. காருக்குள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. கணவன் லாம்ப்ரோஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். "நீயே போய் வாங்கிட்டு வந்துடேன், எனக்கு மனசு தாங்காது" என்று சொல்லிவிட்டான். பெற்ற அம்மாவின் எலும்பை வாங்க மகனுக்கு மனசு தாங்காதாம். மருமகளுக்கு மட்டும் இரும்பில் அடித்த மனசு போலிருக்கிறது.

கிரேக்கத்தின் பாத்ராஸ் நகரத்துக் கல்லறையில் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. மூன்று வருடம் மண்ணுக்குள் இருக்கலாம். பிறகு தோண்டி எடுத்து, எலும்பை ஒயினில் கழுவி, தகரப் பெட்டியில் போட்டு உறவுக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஆள் காத்திருக்கிறார், இடத்தைக் காலி பண்ணு என்கிற கதைதான். லாம்ப்ரோசின் அம்மா பொலிக்ஸேனி மட்டும் நாலு வருடம் இருந்தாள். மூன்றாம் வருடம் தோண்டிப் பார்த்தபோது உடம்பு கரையவே இல்லை. தோண்டியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மூடிவிட்டார்கள். மண்கூடத் தின்ன மறுத்த பிறவி என்று அர்கிரோ அன்றைக்கு வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

பெட்டியைக் கொடுத்த ஆள் கையுறையைக் கழற்றவில்லை. மூடியின் மேல் பொலிக்ஸேனியின் புகைப்படம் ஒட்டியிருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, எதிரில் நிற்பவரை எடை போடுகிற அதே பார்வை.

"ரெண்டு கையாலயும் பிடிங்கம்மா. கனமா இருக்கும்."

"எலும்புதானே?"

"எலும்புதான்," என்றான் அவன். "ஆனா இந்தம்மா கொஞ்சம் கனம்."

காரின் டிக்கியில் இடமில்லை. ஞானஸ்நானத்துக்கு வேண்டிய ஆளுயர மெழுகுவர்த்தி, வெள்ளை உடுப்பு, சர்க்கரை பூசிய பாதாம் பொட்டலங்கள், தள்ளுவண்டி என்று திணித்து வைத்திருந்தார்கள். முன் சீட்டில் இஸ்மினி உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் அர்கிரோவோடு பத்து வருடமாக வேலை பார்ப்பவள். வாய் ஓயாத சிநேகிதி. இன்று குழந்தைக்கு ஞானத்தாயாகப் போகிறவளும் அவள்தான்.

"என் காலடியில வைடி, நான் பாத்துக்கறேன்," என்றாள் இஸ்மினி.

"எங்கம்மாவைக் காலடியில வைக்கறதா? நல்லா இருக்கே உங்க நியாயம்!" என்று லாம்ப்ரோஸ் சீறினான்.

ஆகவே பெட்டி பின் சீட்டில் நடுவே உட்கார்ந்தது. ஒரு பக்கம் குழந்தையின் நாற்காலி, மறுபக்கம் அர்கிரோ. லாம்ப்ரோஸ் எட்டி வந்து பெட்டிக்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான்.

"உயிரோட இருந்தவரைக்கும் முன் சீட்டை யாருக்கும் விட்டதில்ல நீங்க," என்று இஸ்மினி திரும்பிப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்கம்மா, எனக்குப் பின்னால உக்காந்தா வாந்தி வரும்."

அர்கிரோ சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் போக வேண்டியது ட்ஸூமெர்க்கா மலையில் இருக்கும் லாம்ப்ரோசின் சொந்த ஊருக்கு. கிரியோவ்ரிசி என்று பெயர். அங்கே குளிர்காலத்தில் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். பாதிரியார் வருடத்துக்கு இரண்டு முறைதான் வருவார். அவர் வரும் நாளிலேயே கிழவியின் எலும்பையும் ஊர் எலும்பறையில் வைத்து, குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுத்து, ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று லாம்ப்ரோஸ் ஏற்பாடு செய்திருந்தான்.

குழந்தைக்கு எட்டு மாதம். பதினோரு வருடம் காத்திருந்து பிறந்த பெண். ஞானஸ்நானம் ஆகும்வரை அங்கே குழந்தைக்குப் பெயர் கிடையாது. பெண்ணாக இருந்தால் எல்லாரும் பெம்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைக்க வேண்டும். அதைப் பெயரை எழுப்புவது என்பார்கள்.

பொலிக்ஸேனி உயிரோடு இருந்தவரை அர்கிரோவைச் சும்மா விட்டவள் அல்ல. மலடி என்று நேரே சொல்லமாட்டாள், அதைவிட மோசமாகச் செய்வாள். ஊரிலிருந்து வந்த வாதுமை மரத் தொட்டிலை ஒரு நாள் முற்றத்தில் போட்டு, மருமகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடாலியால் பிளந்து அடுப்புக்குக் கொடுத்தாள். "உபயோகம் இல்லாத சாமான் எதுக்கு வீட்டுல?" என்றாள். அதே கிழவி சாகக் கிடந்தபோது அர்கிரோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எப்பவாவது ஒரு பொண்ணு பொறந்தா என் பேரை எழுப்பு. இல்லேன்னா நானே எழுந்து வந்து எடுத்துக்குவேன்" என்றாள். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? "சரி அத்தை" என்று சொல்லி வைத்தாள் அர்கிரோ.

குழந்தை பிறந்த அன்றே அவள் முடிவு மாறிவிட்டது. செத்தவள் உடுத்திக் கழற்றிய பெயர் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். யாரும் இதுவரை குடும்பத்தில் வைக்காத ஒரு பெயரை யோசித்து வைத்திருந்தாள். அதைக் கணவனுக்கும் இஸ்மினிக்கும் ஒரு காகிதத்தில் எழுதித்தான் காட்டினாள். வாயால் சொல்லவில்லை. லாம்ப்ரோஸ் படித்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றான். ஆனால் அவன் முகத்தில் இஷ்டம் எதுவும் தெரியவில்லை.

பெரிய பாலத்தில் ஏறியதும் குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது.

"அப்பாடா, தூங்கிட்டாளா?" என்றாள் இஸ்மினி.

தூங்கவில்லை. பெம்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டுக் கையை நீட்டி, தகரத்தின் விளிம்பை ஒவ்வொரு விரலாகத் தடவினாள். அர்கிரோ கையை விலக்கிவிட்டாள். அது மறுபடியும் அங்கேயே போனது.

இடது பக்கம் கடல் கூடவே வந்தது. கண்ணாடி ஏற்றியிருந்த காருக்குள் மெல்ல ஒரு வாசனை பரவியது. கிராம்பு வாசனை. பல்வலிக்கென்று எப்போதும் ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தவள் யாரென்று அந்தக் காரில் மூன்று பேருக்கும் தெரியும். இஸ்மினி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

மெசொலொங்கி உப்பளங்களைத் தாண்டும்போது அர்கிரோ குழந்தையின் வாயில் தண்ணீர்ப் புட்டியை வைத்தாள். பெம்பா புருவத்தை உயர்த்தினாள். தலையை லேசாகப் பின்னுக்குத் தள்ளி, நாக்கால் ஒரு சத்தம் போட்டாள்.

ட்ச்.

அந்த நாட்டில் 'வேண்டாம்' என்பதற்குப் பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள். எட்டு மாதக் குழந்தை செய்யாது.

"ஐயோ, பாருங்கடி இந்தக் குட்டியை!" என்று இஸ்மினி கைதட்டினாள். "கல்யாணமான பொம்பள மாதிரி வேணாங்கறா!"

லாம்ப்ரோஸ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "எங்கம்மா இப்படித்தான் பண்ணுவா," என்றான் பெருமையாக. அர்கிரோ புட்டியை மூடி வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மெனிடியில் கடலை ஒட்டிய ஒரு மீன் சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தினார்கள். கடைக்காரி ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்து, கார் ஜன்னல் வழியாகக் குழந்தையைப் பார்த்து, கண்பட்டுவிடாமல் இருக்க மூன்று தடவை 'த்தூ த்தூ' என்றாள்.

"என்ன பேரு தங்கத்துக்கு?"

"இன்னும் வைக்கல. இன்னைக்கு சாயங்காலம்தான் முழுக்கு."

அப்போதுதான் அவள் கண் நடுவில் இருந்த பெட்டியில் பட்டது. இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"அது என்ன? எலும்பா? புதைக்காத எலும்பையும் முழுக்கு ஆகாத புள்ளையையும் ஒரே சீட்டுல வச்சுக் கொண்டு வர்றீங்களா? அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்?"

"எங்கம்மாங்க அது," என்று லாம்ப்ரோஸ் இழுத்தான்.

"யாரா இருந்தா எனக்கென்ன! பேர் இல்லாத புள்ள கதவு இல்லாத வீடு. யார் வேணா உள்ள போவாங்க. என் கடை முன்னாடி நிறுத்தாதீங்க, எடுங்க வண்டியை!" என்று கத்தினாள். கார் நகர்ந்ததும் அது நின்ற இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட கடைக்காரியைக் கண்டிக்கவில்லை.

கொஞ்ச தூரம் தள்ளி, புளியமர நிழல்போல அடர்ந்த ஒரு யூகலிப்டஸ் நிழலில் காரை நிறுத்திவிட்டு லாம்ப்ரோசும் இஸ்மினியும் வேறு கடையில் காபி வாங்கப் போனார்கள். அர்கிரோ குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டு ரவிக்கைப் பித்தானை அவிழ்த்தாள். காலையிலிருந்து பால் கொடுக்கவில்லை. மார்பு கட்டிக்கொண்டு கல்லாக வலித்தது.

பெம்பா மார்பைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

ட்ச்.

வாயிலிருந்து கிராம்பு வாசனை அடித்தது.

பதினோரு வருடத்து ஆத்திரமும், நடுரோட்டில் ஒரு மீன்காரி விரட்டிய அவமானமும் சேர்ந்து அர்கிரோவுக்குத் தலைக்கு ஏறியது. குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"இங்க பாரு கிழவி," என்றாள். "உயிரோட இருந்தப்ப என்னை அழ வச்சது போதாதா? இவ என் பொண்ணு. உன் பேரு இவளுக்கு வராது. இவ பேரு மிர்தோ. கேட்டுச்சா? மிர்தோ. மிர்தோ!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். சாயங்காலம் ஞானத்தாய் தண்ணீரின் முன்னால் முதன்முதலாகச் சொல்ல வேண்டிய பெயர் அது. அதுவரைக்கும் அது குழந்தையின் காதில்கூட விழக்கூடாது. அதை அவள் எலும்புப் பெட்டிக்கு முன்னால் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

காருக்குள் கிராம்பு வாசனை பட்டென்று அற்றுப்போனது.

பெட்டிக்குள் ஏதோ ஒன்று, மிகச் சின்னதாக, இடம் மாறிப் படுத்தது.

மடியில் குழந்தை திடீரென்று கனத்தது. அவளால் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. இரண்டு கையையும் கொடுத்து நகர்த்தித்தான் வைத்தாள். குழந்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவளை அல்ல. தூரத்தில் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்த லாம்ப்ரோசை.

ஆர்த்தாவைத் தாண்டியதும் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. சாலை ஆற்றை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். வளைவுக்கு ஒன்றாக, விபத்தில் செத்தவர்களுக்கு வைத்த சின்னக் கூண்டு மாடங்கள் விளக்கோடு நின்றன. மூன்று மணிக்கே மேகம் கீழே இறங்கிவிட்டது. முகப்பு விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஈர மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த வாசனை கண்ணாடி இடுக்கு வழியாக வந்தது.

இஸ்மினி பேசுவதை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அப்படிப் பேசாமல் இருந்து அர்கிரோ பார்த்ததே இல்லை.

சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் லாம்ப்ரோஸ் வண்டியை நிறுத்தினான். பெயர்ப் பலகை மேகத்துக்குள் இருந்தது. போனில் வழி காட்டும் கோடு உறைந்து நின்றது.

"எடதுன்னு நெனைக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே திருப்பினான்.

ட்ச்.

அவன் கை ஸ்டியரிங்கில் நின்றது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மெல்லத் தூக்கிக் குழந்தையைப் பார்த்தான். பிறகு வலது பக்கம் திருப்பினான்.

"என்ன பண்றே?" என்றாள் அர்கிரோ.

"அதான் சரியான வழி. பழைய ஆட்டு ரோடு. புது ரோடு போட்டது எங்கம்மாவுக்குத் தெரியாது."

"யாரைச் சொல்றே?"

அவன் வண்டியை ஓட்டினான். அடுத்த பிரிவிலும் நின்றான். இந்தத் தடவை அவன் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை. கண்ணாடியில் குழந்தையைப் பார்த்து, ஐந்து வயசுப் பையன் குரலில் மெதுவாகக் கேட்டான்.

"எந்தப் பக்கம்மா?"

குழந்தை வலது கையைத் தூக்கிக் காட்டியது. அவன் அந்தப் பக்கமே வண்டியை விட்டான்.

இஸ்மினி வாயைப் பொத்திக்கொண்டாள். அர்கிரோவுக்கு அழுகையும் வெறியும் ஒன்றாக வந்தது. இதெல்லாம் இந்தப் பெட்டியின் வேலை. இது வண்டியை விட்டுப் போனால் என் பிள்ளை என் பிள்ளையாகிவிடும். சீட் பெல்ட்டை அறுத்தெறிவதுபோல் கழற்றி, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்தாள்.

காலையில் கை வலிக்கும் அளவு கனத்த பெட்டி அது. இப்போது ஒரு ரொட்டிக் கூடை அளவுகூட இல்லை.

தகரம் வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே எதுவோ தட்டியது. பலமாக இல்லை. பஞ்சுக் காலால் உதைப்பதுபோல், தட், தட், தட்.

"அடங்க மாட்டியா நீ! போ, பள்ளத்துக்குப் போ!" என்று அர்கிரோ கத்திக்கொண்டே கண்ணாடியை இறக்கி, பெட்டியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். கீழே மேகம். மேகத்துக்குக் கீழே எங்கேயோ ஆறு இரைந்தது. கையை விட்டால் போதும்.

லாம்ப்ரோஸ் பிரேக்கை மிதித்தான். கார் சரளைக் கல்லில் வழுக்கி விளிம்பில் நின்றது. இஸ்மினி பின்னால் பாய்ந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி! பைத்தியமா உனக்கு? செத்தவங்களைப் பள்ளத்துல போட்ட வீடு உருப்படுமா? வேணாம் அர்கிரோ, இன்னும் அரை மணி நேரம்தான். முழுக்கு ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிடும். நான் சொல்றேன்ல!"

அர்கிரோவின் கைகள் தளர்ந்தன. பெட்டி உள்ளே வந்தது. குழந்தை இதையெல்லாம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திரும்ப வைத்ததில் மட்டும் அதற்கு இஷ்டமில்லை போல உதட்டை இறுக்கிக்கொண்டது.

கிரியோவ்ரிசியில் முப்பது பேர் கோயில் வாசலில் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதா திருநாளுக்காக ஊர் திரும்பியவர்கள். பாதிரியார் கோஸ்மாஸ் அவசரத்தில் இருந்தார். அடுத்த ஊரில் ஆறு மணிக்கு அவருக்குப் பூசை இருந்தது.

"உயிரோட இருக்கறவங்க முதல்ல," என்றார். "எலும்பு ஓடிப்போகாது. வாசப்படியில வைங்க."

கோயில் நடுவில் செம்புக் கொப்பரையில் வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும். ஊர் வழக்கப்படி பெற்றவள் வாசலைத் தாண்டக் கூடாது, வெளியே நின்று பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அர்கிரோ வாசற்படியில், பெட்டியின் பக்கத்தில் நின்றாள். பால் கட்டிய மார்பு விண்விண்ணென்று தெறித்தது. உள்ளே இஸ்மினியின் கையில் பெம்பா உடுப்பில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப்பட்ட ஒரு கிழவர் தன்னை அறியாமல் தொப்பியை எடுத்துவிட்டார்.

"பேர்?" என்றார் பாதிரியார்.

இஸ்மினி சொன்னாள். "மிர்தோ."

வாசற்படியில் இருந்த பெட்டி கிணுகிணுத்தது. அர்கிரோ அதை உதைக்காத குறையாக நகர்ந்து நின்றாள்.

பாதிரியார் குழந்தையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். "தேவனின் ஊழியக்காரி மிர்தோ ஞானஸ்நானம் பெறுகிறாள்..."

தூக்கியபோது குழந்தை அழவில்லை.

மூச்சும் விடவில்லை.

உதடு நீலமாகிவிட்டது. விரல் நுனியும் நீலம். கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் முப்பது பேரைத் தாண்டி, வாசற்படியில் நிற்கும் அர்கிரோவை நேரே பார்த்தது. நீ சொல்கிறாயா, இல்லை இதை இப்படியே எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்கிற பார்வை.

"சாமி, மூச்சு இல்ல சாமி!" என்று இஸ்மினி அலறினாள். யாரோ முதுகில் தட்டினார்கள். லாம்ப்ரோஸ் மண்டியிட்டு, "அம்மா, அம்மா" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டான்.

அர்கிரோ வழக்கத்தையும் வாசலையும் மிதித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பிள்ளை பிழைத்தால் போதும். பெயரில் என்ன இருக்கிறது? எந்தப் பெயராக இருந்தால் என்ன?

"பொலிக்ஸேனி!" என்று கத்தினாள். "அவ பேரு பொலிக்ஸேனி! நான்தான் பெத்தவ, நான் சொல்றேன். பொலிக்ஸேனின்னு கூப்பிடுங்க சாமி!"

பாதிரியார் "தேவனின் ஊழியக்காரி பொலிக்ஸேனி..." என்று மறுபடி அமிழ்த்தினார். மூன்று முறையும் அந்தப் பெயரையே சொன்னார். மூன்றாம் முறை தூக்கியதும் குழந்தை தண்ணீரைத் துப்பிவிட்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டது. ரொம்ப நாள் கழித்து இறுக்கமான செருப்பைக் கழற்றியவள் விடுகிற மூச்சு.

கோயிலே அழுதது, சிரித்தது. "உயிரோட இருக்கட்டும்! பேர் எழும்பிச்சு!" என்று எல்லாரும் லாம்ப்ரோசின் தோளைத் தட்டினார்கள். அர்கிரோ கையை நீட்டினாள். குழந்தை அவளைத் தாண்டி மகனிடம் தாவியது. மகனிடம் என்று ஏன் நினைத்தோம், அப்பாவிடம் அல்லவா என்று அவள் தன்னையே திருத்திக்கொண்டாள். உயிரோடு இருக்கிறது, அது போதும் என்று தேற்றிக்கொண்டாள்.

எலும்புக்கான சடங்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கோயிலுக்குப் பின்னால், மண்ணில் பாதி புதைந்த ஒரு கல் அறை. உள்ளே பலகைத் தட்டுகளில் நூறு வருடத்துப் பெட்டிகள். பாதிரியார் தண்ணீர் தெளித்து, பொலிக்ஸேனியின் பெட்டியைக் கடைசித் தட்டில் வைத்தார். வைக்கும்போது ஒரு கணம் காதைச் சாய்த்தார். பிறகு அவசரமாக வெளியே வந்து, கனமான மரக்கதவைப் பூட்டி, சாவியை அங்கிக்குள் போட்டுக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"அடுத்து எப்ப வருவாரு?" என்று அர்கிரோ ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"ஈஸ்டருக்குத்தான். பனி விழுந்துட்டா யாரும் வரமாட்டாங்க."

சாலை ஓரத்து மரத்தடியில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஆட்டுக்கறி வைத்தார்கள். மேகம் கலைந்து, மலை உச்சியில் மஞ்சள் வெயில் மிச்சம் இருந்தது. குழந்தை மேசையின் தலைமாட்டில், லாம்ப்ரோசின் மடியில் உட்கார்ந்திருந்தது. அர்கிரோ பால் கொடுக்க எடுத்துப் பார்த்தாள். அது அவள் மார்பை உள்ளங்கையால் தள்ளிவிட்டு ஆட்டுக்கறித் தட்டுக்குக் கையை நீட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் எழுந்து, வலி பொறுக்காமல், ஆள் இல்லாத இடம் தேடிக் கோயிலுக்குப் பின்னால் போனாள்.

அங்கேதான் அது கேட்டது.

முதலில் பூனை என்று நினைத்தாள்.

மெலிந்த, தொண்டை வறண்ட அழுகை. நாள் முழுக்கப் பால் குடிக்காத குழந்தையின் அழுகை. இழுத்து, நடுவில் மூச்சுத் தட்டி, மறுபடி இழுக்கும். எட்டு மாதம் ராத்திரி பகலாக அந்த அழுகைக்கு எழுந்தவள் அவள். ஆயிரம் குழந்தை ஒன்றாக அழுதாலும் அதைப் பிரித்துச் சொல்வாள்.

எலும்பறைக்குள்ளிருந்து வந்தது.

அர்கிரோவின் புத்தி இல்லை இல்லை என்றது. உடம்பு கேட்கவில்லை. மார்புக்குள் ஊசி குத்துவதுபோல் ஒரு சுருக், பிறகு பால் சுரந்தது. காலையிலிருந்து கல்லாக நின்றது, இரண்டு பக்கமும் தானாகப் பெருகி ரவிக்கையை நனைத்து வயிற்றில் வழிந்தது. மரத்தடியில் இருந்த அந்தக் குழந்தைக்கு ஒரு சொட்டு சுரக்காத பால்.

மலைச் சாலையில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய பெட்டி நினைவுக்கு வந்தது. அதன் வெதுவெதுப்பும், பஞ்சுக் காலால் உதைத்த உதையும் நினைவுக்கு வந்தன. பெயரைப் பெட்டிக்குச் சொன்னது யார்? பிள்ளைக்குக் கிழவியின் பெயரைக் கத்திக் கொடுத்தது யார்? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கதவில் தோளை மோதினாள். பூட்டைப் பிடித்து உலுக்கினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கதவு அசையவில்லை.

"மிர்தோ," என்றாள் கதவோடு வாயை வைத்து.

அழுகை நின்றது. அம்மாவின் குரலைக் கேட்டுத் திரும்பும் குழந்தை நிற்பதுபோல் நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாக வெடித்தது.

"அர்கிரோ!" என்று மரத்தடியிலிருந்து லாம்ப்ரோஸ் கூப்பிட்டான். "எங்க போயிட்டே? அம்மா... பாப்பா தூக்கம் வருதுங்கறா, கெளம்பலாம்."

கதவுக்கும் வாசற்கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருந்தது. அவள் கல்லில் மண்டியிட்டுக் குனிந்து, ரவிக்கையைத் திறந்து, மார்பை அந்த இடுக்கில் வைத்து அழுத்தினாள். கல் பனிக்கட்டியாக இருந்தது. பால் சொட்டுச் சொட்டாக உள்ளே இருட்டுக்குள் இறங்கியது.

அழுகை விசும்பலானது. விசும்பலும் மெல்ல அடங்கியது.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, வயிறு நிறைந்த குழந்தைக்கு வரும் சின்ன விக்கல் ஒன்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.